ரசமட்டத்தம்மாவின் மணிக்கட்டு

“வலியே இல்லைன்னா பூஜ்யம். உயிர் போற வலின்னா பத்து. உங்க மணிக்கட்டு வலிக்கு எத்தனை மார்க் போடுவீங்கம்மா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“ரெண்டு,” என்றாள் பூச்சுவேலைக்காரி, கண்ணைக்கூட இமைக்காமல்.

அவளுக்குப் பின்னால் ஸ்டூலின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த அவள் கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலையில்தான் பற்பசை மூடியை வலக்கையால் திருக முடியாமல் பல்லால் கடித்துத் திறந்தவள் அவள். பேருந்தில் டிக்கெட் வாங்க இடக்கையை நீட்டியவள். அப்படிப்பட்டவள், யாரோ பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பற்றிப் பேசுவதுபோல் ரெண்டு என்கிறாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். மணிக்கட்டின் சின்ன எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஓரிடத்தில் அறவே காணவில்லை.

“எப்போ விழுந்தீங்க?”

“ஒன்பது வருஷம் ஆச்சு. சாரத்துல பலகை சறுக்கிடுச்சு. கையை ஊன்றினேன். மூணு வாரம் துணி சுத்தி வெச்சேன், சரியாப் போச்சு.”

“சரியாப் போகலை. உள்ள ஒரு எலும்பு உடைஞ்சு சேராமலே இருந்து, மூட்டைத் தேய்ச்சுத் தின்னுடுச்சு. இதுக்கு ரெண்டு மார்க்கா?” என்று படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு மார்க் வலிக்கு நான் கத்தி எடுக்க மாட்டேன். மாத்திரை எழுதித் தர்றேன், போயிட்டு வாங்க.”

இருவரும் வெளியே வந்தார்கள். மருந்துக் கடை வாசல் வரை வந்ததும் கணவர் திடீரென்று நின்று, “அட, குடையை உள்ளேயே வெச்சுட்டேன்,” என்றார். குடையை வேண்டுமென்றே ஸ்டூலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்திருந்தார்.

“டாக்டரம்மா, அந்த ரெண்டை நம்பாதீங்க,” என்றார், உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக. “எங்க வேலையில கை வலிக்குதுன்னு வாயைத் திறந்தா, அடுத்த கட்டடத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. சொல்லாம சொல்லாம அவளுக்கு அதுவே பழக்கமாயிடுச்சு. ஈரத்துணியை அவளால பிழிய முடியாது. ரெண்டு வருஷமா நான்தான் பிழியறேன். குளிர்காலத்துல தூக்கத்துலேயே முனகுவா.”

“உங்க கணக்குல எத்தனை?”

“எட்டுக்குக் கீழ ஒரு நாளும் இல்லைங்க.”

டாக்டரம்மா பேனாவால் மேசையை இரண்டு முறை தட்டினார். “சரி. அவங்களை வாயால சொல்ல வைக்க வேண்டாம். கையால சொல்ல வைப்போம். கூட்டிட்டு வாங்க. குடையை மறந்துடாதீங்க, ரெண்டாவது தடவை யாரும் நம்ப மாட்டாங்க.”

*

அந்த நகரத்தில் கட்டடம் கட்டுகிறவர்களுக்கு அவளை ரசமட்டத்தம்மா என்றால்தான் தெரியும். சுவரைப் பூசி முடித்தபின் மேற்பார்வையாளர்கள் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார்கள். குழாய்க்குள்ளிருக்கும் நீர்க்குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும். அதற்கு முன்பே அவள் வெறும் கண்ணால் பார்த்து, “இந்த மூலையில ஒரு நூல் பள்ளம்,” என்று சொல்லி, அதை நிரப்பியும் இருப்பாள். கூரையின் அடிப்பக்கத்தைப் பூசுவது பூச்சுவேலையிலேயே கடினமானது. அண்ணாந்து நின்று, தலைக்கு மேலே கலவையை வீசி அறைய வேண்டும். வீசுகிற வேகம் குறைந்தால் கலவை முகத்தில் விழும். கூடினால் தெறித்துப் போகும். அந்த வேகம் முழுவதும் மணிக்கட்டில் இருக்கிறது. முதல் நாள் அவள் சாரத்தில் ஏறுவதைப் பார்த்துச் சிரித்த ஆண்கள் பலர், மூன்றாம் நாள் வந்து கலவையை அள்ளி வீசும் அவள் கரணையைக் கையில் வாங்கி, அதில் என்ன வித்தை இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

அவளுக்குக் கலவை போடுகிறவர் கணவர். மற்ற இடங்களில் புருஷன் பூச, பெண்டாட்டி கலவை சுமப்பாள், இங்கே தலைகீழ். யாராவது கேலி செய்தால் கலவைக்காரர் மண்வெட்டியை ஊன்றி நின்று, “என்னால சுவத்தைப் பூச முடியாது. அவளால எனக்குப் போட்டியா கதை சொல்ல முடியாது. கணக்குச் சரியாப் போச்சுல்ல?” என்பார். மணலைச் சலிக்கும்போதும், சிமென்டைக் கொட்டும்போதும், நடுவே குழி பறித்துத் தண்ணீர் விடும்போதும் அவர் வாயில் ஒரு நரியோ ஆமையோ ஓடிக்கொண்டே இருக்கும். சாரத்தின் மேலிருந்து அவள், “அந்த ஆமை கரைசேரட்டும், முதல்ல கலவை வரட்டும்!” என்று குரல் கொடுப்பாள்.

இந்தக் கலவையில்தான் அவர் ஒரு காரியம் செய்துவந்தார். அது அவருக்கும் தண்ணீர் வாளிக்கும் மட்டுமே தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள், கெட்டிக் கலவையைக் கரணையில் அள்ளியபோது அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதைப் பார்த்தார். அன்று கூடுதலாக ஒரு குவளை தண்ணீர் விட்டார். கலவை இளகினால் கரணைக்கு இழுவை குறையும், கைக்கு வலி குறையும். மறு வாரம் இன்னும் அரைக் குவளை. அப்படியே மாதக் கணக்கில், அவளுக்குத் தெரியாத அளவில், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். அவள் எப்போதாவது புருவத்தைத் தூக்கினால், “இந்த லோடு மணல் சரியில்லை, தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்குது,” என்று மணலின் தலையில் பழியைப் போட்டார். மணல் வாய் திறந்து மறுக்கப்போவதில்லை.

தண்ணீர் கூடிய பூச்சு காயும்போது சுருங்கும். சுருங்கினால் மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடும். இது அவருக்குத் தெரியாததல்ல. ‘மயிரிழைதானே, வண்ணம் அடித்தால் மறைந்துவிடும்’ என்று தம் மனத்துக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

*

இரண்டாம் முறை உள்ளே போனபோது டாக்டரம்மா ஒரு தாளில் முன்கையை வரைந்து காட்டினார்.

“ரெண்டு வழி இருக்கு. மணிக்கட்டை அசையாம இறுக்கிப் பூட்டிடலாம். வலி போகும், ஆனா கை மடங்காது.”

“மடங்காத கையை வெச்சுக்கிட்டு நான் சலாம்தான் போடலாம்,” என்றாள் ரசமட்டத்தம்மா.

“அதனாலதான் அடுத்த வழியைச் சொல்றேன். இங்க, கைக்குப் பின்பக்கம், ஒரு கிளை நரம்பு வருது. இது விரலை அசைக்கிற நரம்பு இல்ல. தொட்டா சூடு குளிர் தெரியுதே, அந்த நரம்பும் இல்ல. மூட்டுக்குள்ள என்ன நடக்குதுங்கிற சேதியை மேல கொண்டுபோறது. தேஞ்சுபோன மூட்டுல நடக்கிறது வலி மட்டும்தானே, அதனால வலியைத்தான் சுமந்துட்டுப் போகுது. சின்னதாக் கீறி, அதுல ஒரு துண்டை எடுத்துடுவோம். மூட்டு தேஞ்சது தேஞ்சதுதான், அதை நான் சரி பண்ணலை. சேதி போற வழியை மட்டும் அடைக்கிறேன். எல்லாருக்கும் முழுசாப் பலிக்கும்னும் சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் முதல்ல ஒரு ஊசி. அஞ்சாறு மணி நேரம் அந்த நரம்பைத் தூங்க வைக்கும். அந்த நேரத்துல நீங்க ஓய்வெடுக்கக் கூடாது. எந்த வேலை செஞ்சா வலிக்குமோ, அதையேதான் செஞ்சு பார்க்கணும்.”

“யோசிச்சுச் சொல்றேன்,” என்று எழுந்துவிட்டாள்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்தார்கள். கலவைக்காரர் தொண்டையைச் செருமினார்.

“ஒரு காட்டுல ஒரு யானை இருந்துச்சாம்.”

“ஆரம்பிச்சுட்டீங்களா?”

“அதோட பாதத்துல ஒரு முள்ளு. எலி ஒண்ணு வந்து, ‘ஏன் அண்ணே நொண்டுறீங்க?’ன்னு கேட்டுச்சாம். யானைக்கு மானம் பெருசு இல்லையா? ‘நொண்டலைடா, இது புது நடை’ன்னுச்சாம். மறுநாள் பார்த்தா காட்டுல இருக்கிற யானை எல்லாம் அதே நடை நடக்குது.”

“முள்ளு என்ன ஆச்சு?”

“முள்ளு அங்கேயேதான் இருக்கு. எடுக்க வந்த எலிகிட்ட, ரெண்டு மார்க்குன்னு சொல்லி அனுப்பிடுச்சு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு, “யானைன்னா எதைச் சொல்றீங்க? உடம்பையா, குணத்தையா?” என்றாள்.

“எதுக்கு ஒண்ணை விடணும்?”

முழங்கையால் அவர் விலாவில் ஒன்று கொடுத்தாள். இடது முழங்கை.

ஆனால் வீட்டுக்கு வந்து, அவர் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது, வாசற்படியில் உட்கார்ந்தபடி தானாகவே பேசினாள்.

“கத்திக்குப் பயந்து நான் வலியை மறைக்கலைங்க. அந்தப் பள்ளிக்கூடத்து நடைச் சுவர் இருக்குல்ல, போன வருஷம் பூசினது? அன்னைக்கு அந்தப் பக்கமாப் போனேன். விரிசல் விட்டிருக்கு. அதுக்கு முன்னாடி முடிச்ச ரெண்டு வீட்டுலயும் அதே மாதிரி. இருபத்தாறு வருஷத்துல என் சுவர் விரிஞ்சது கிடையாது. எனக்குப் புரிஞ்சுபோச்சு. கையில இருந்த அறிவு போயிட்டு இருக்கு. எவ்வளவு அழுத்தறோம், எவ்வளவு இழுக்கிறோம்னு மணிக்கட்டு சொல்லும், இப்போ அது பொய் சொல்லுது. இதுல இன்னும் ஒரு நரம்பை வெட்டினா, மிச்சம் இருக்கிறதும் போயிடும். வலியோட பூச்சுக்காரியா இருந்துடுவேங்க. வலியில்லாம வெறும் ஆளா இருக்க என்னால முடியாது.”

கலவைக்காரர் கையில் பிழிந்துகொண்டிருந்த துணி பாதியில் நின்றது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ‘கையில இல்லம்மா குறை, வாளியில இருக்கு’ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், தாம் இரண்டு வருடம் ஏமாற்றியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோழைத்தனம் சில நேரம் கருணையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். அவர் துணியை உதறிக் கொடியில் போட்டார்.

“ஊசி மட்டும் போட்டுப் பார்ப்போம்,” என்றார். “வெட்டப் போறதில்லையே. தூங்கின நரம்பு சாயங்காலம் எழுந்துக்கும். கையறிவு இருக்கா போச்சான்னு நீயே தெரிஞ்சுக்கலாம்.”

“சரி,” என்று அவள் வாசற்படியிலிருந்து எழுந்தாள்.

*

ஊசி போட்ட நாள் காலையில் வானம் மூடியிருந்தது; அப்படிப்பட்ட நாளில்தான் அவள் மணிக்கட்டு அதிகமாகப் பேசும். மருத்துவமனையிலிருந்து நேரே புதுக் கட்டடத்துக்குப் போனார்கள். மாடியறை ஒன்றின் கூரை பூச்சுக்குக் காத்திருந்தது. அவள் சாரத்தின் பலகையில் நின்று, மணிக்கட்டை மேலே மடக்கினாள், கீழே மடக்கினாள், சுழற்றினாள். எப்போதும் சுற்றிக்கொள்ளும் துணிப்பட்டையை அவிழ்த்துக் கம்பத்தில் தொங்கவிட்டாள்.

“எப்படி இருக்கு?”

“ஏதோ பக்கத்து வீட்டுல ஒன்பது வருஷமா ஓடின மாவு மெஷினை நிறுத்தின மாதிரி இருக்கு,” என்றாள். “கையே காணாமப் போயிடுச்சோன்னு பயமா இருக்கு. விரல் எல்லாம் அசையுது. தொட்டாத் தெரியுது. கலவை கொண்டாங்க, பார்ப்போம்.”

கலவைக்காரர் கீழே மணலுக்கு முன்னால் நின்று திண்டாடினார். இன்று கெட்டியாகப் போட்டால்? நடுவில் வலித்துவிட்டால் சோதனையே கெட்டுப்போகும். அவள் ஒரேயடியாக வேண்டாம் என்றுவிடுவாள். இளக்கமாகவே போட்டால் ஒரு தொல்லையும் இல்லை. இரண்டு வருடப் பழக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய் வாளியைக் கவிழ்த்தது. கலவையைச் சட்டியில் அள்ளி, ஏணியில் ஏறி, பலகையில் வைத்தார்.

அவள் கரணையால் ஒரு அள்ளு அள்ளினாள். வீசுவதற்குக் கையை ஓங்கியவள், ஓங்கியபடியே நின்றாள். கரணையை மெல்ல இறக்கினாள். இன்னொரு முறை அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு, கையை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். காய்கறிக் கடையில் எடை பார்ப்பதுபோல.

“என்னங்க இது?”

“கலவைம்மா.”

“கலவையா, கஞ்சியா?”

“இந்த லோடு மணல்...”

“மணல் இல்லை.” அவள் கரணையைச் சாய்த்தாள். கலவை வழுக்கிக்கொண்டு சட்டிக்குள் விழுந்தது. “மணல் நல்ல மணல். இதுல தண்ணி அதிகமா இருக்கு. அரை வாளிக்கு மேல கூட இருக்கு. இன்னைக்கு மட்டும் இல்லை. இந்தக் கனம் எனக்குப் பழகின கனம். எத்தனை நாளா?”

கலவைக்காரர் ஏணியின் மேற்படியைப் பிடித்தபடி நின்றார். வாயில் நரியும் வரவில்லை, ஆமையும் வரவில்லை.

“ரெண்டு வருஷமா,” என்றார். “உனக்கு வலிக்குமேன்னு.”

கீழே ஒருவன் கம்பி வெட்டிக்கொண்டிருந்தான். அவள் தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அவர் எதிர்பார்த்த இடி விழவில்லை. அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தார்.

“அப்போ அந்த விரிசல்...” என்றாள்.

“உன் கை இல்லைம்மா. என் வாளி.”

“என் கை இல்லை!” என்று கத்தினாள். கம்பி வெட்டுகிறவன் அண்ணாந்து பார்த்தான். “ஏங்க, என் கை இல்லையாங்க! விரிஞ்ச ஒவ்வொரு சுவத்தையும் பார்த்துப் பார்த்து, முடிஞ்சுபோச்சு, நான் முடிஞ்சுபோயிட்டேன்னு... நீங்க கீழ நின்னுக்கிட்டு முயல் கதை சொல்லிக்கிட்டு இருந்தீங்க!”

“ஆமைக் கதை,” என்றார் அவர், ஈனசுரத்தில்.

“வாயை மூடுங்க! நரம்பு தூங்குதுன்னு சொன்னாங்க. தூங்கினா அறிவு போயிடும்னு நான் நடுங்கினேன். இப்பத்தாங்க தெரியுது. இத்தனை நாளா வலி போட்ட கூச்சல்ல எனக்குக் கலவையோட கனமே காதுல விழலை. கூச்சல் நின்ன உடனே, கை முதல்ல என்ன செஞ்சுது பார்த்தீங்களா? உங்களைப் பிடிச்சுக் குடுத்துடுச்சு!”

அவள் கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். சட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

“போங்க. கெட்டியாப் போட்டுக் கொண்டாங்க. முன்ன போடுவீங்களே, கரணையைக் குத்தினா நிக்குமே, அந்தக் கலவை.”

அவர் போட்டார். அன்று மாலை நான்கு மணி வரை அவள் அண்ணாந்து நின்று வீசினாள். ஒவ்வொரு வீச்சும் கூரையில் போய் ‘சப்’ என்று ஒட்டிய சத்தத்தைக் கேட்டு மற்ற அறைகளில் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். கலவைக்காரர் சட்டி சுமந்து ஏறி இறங்கியதில் தோள் கன்றிப்போனது. அந்தக் கனம் அவருக்கு வேண்டித்தான் இருந்தது.

நான்கரைக்கு நரம்பு விழித்துக்கொண்டது. அவள் சாரத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, முதல்முறையாக உரக்க, “அம்மா!” என்றாள். மறுநாள் டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே, “ஒன்பது. ஒன்பது வருஷமா ஒன்பது. எந்தத் தேதி வரணும்?” என்றாள்.

*

அறுவை முடிந்து அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முன்கையின் பின்புறத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தையல். இரண்டு வாரத்தில் தையல் பிரித்தார்கள். அதன்பின் இன்னும் சில வாரங்கள் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். அந்த வாரங்களில் அவள் சும்மா இருந்ததைவிட, அவளைச் சும்மா இருக்க வைத்ததுதான் பெரிய வேலை. சமையலறைச் சுவரில் பள்ளம் கண்டுபிடித்தாள். பக்கத்து வீட்டு மதில் சாய்ந்திருக்கிறது என்று அவர்களிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வலி அடியோடு போய்விடவில்லை. மழை நாள் காலையில் லேசாக முணுமுணுத்தது. ஆனால் ஒரு நாள் கலவைக்காரர் துணி பிழிய வந்தபோது, கொடியில் துணியெல்லாம் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்திருந்தாள். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

டாக்டரம்மா கனமான வேலைக்கு அனுமதி கொடுத்ததும் அவள் போன முதல் இடம் எந்தப் புதுக் கட்டடமும் அல்ல, அந்தப் பள்ளிக்கூடம்.

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, நடைச் சுவரை உற்றுப் பார்த்தார். “விரிசலா? எங்கேம்மா? ஓ, இதுவா? மயிரிழைதானே. வண்ணம் அடிச்சா தெரியவே தெரியாது.”

“வண்ணத்துக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியும்,” என்றாள். “இந்த ஒரு சுவத்தைக் கொத்தி எடுத்துட்டு மறுபடி பூசித் தர்றேன். நீங்க ஒண்ணும் தர வேண்டாம். லீவு முடியறதுக்குள்ள முடிச்சுடுவேன். இதை முடிச்சுட்டு இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போகணும்.”

“யாரும் குறை சொல்லலையேம்மா. வேலை முடிஞ்சு ஒரு வருஷமும் ஆச்சு.”

“பூசினப்போ கலவையில தண்ணி கூடிப்போச்சு சார். என் தப்பு. நான் கவனிச்சிருக்கணும்.”

கொத்துச் சுத்தியலும் கையுமாகத் தூணோரம் நின்ற கலவைக்காரர் முன்னால் வந்தார். வரும் வழியிலேயே, ‘அங்க நான் பேசுவேன், நீங்க பேசாம இருக்கணும்’ என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

“சார், அவ தப்பு ஒண்ணும் இல்லை. கலவை போட்டது நான். தெரிஞ்சேதான் தண்ணி ஊத்தினேன்.”

அவள் சுருக்கென்று திரும்பினாள். “உங்களை யாராவது கேட்டாங்களா? நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல?”

“என் கலவையைப் பத்திப் பேசினா நானும் பேசத்தான் செய்வேன்.”

“சுவர் என் சுவர். அதுல நல்லதும் என்னது, கெட்டதும் என்னது.”

“தண்ணி ஊத்தினது இந்தக் கை. அதை எப்படி நீ எடுத்துக்குவ?”

“எடுத்துக்குவேன். உங்களால என்ன பண்ண முடியும்?”

தலைமையாசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “முப்பது வருஷமா இந்த நடையில நின்னு, ‘நான் இல்ல சார், அவன்தான் சார்’னு கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்,” என்றார் மெதுவாக. “இந்தச் சண்டைக்கு எப்படித் தீர்ப்புச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. கொத்துங்க.”

கலவைக்காரர் சுத்தியலை ஓங்கினார். அதற்குள் அவள் தன் சுத்தியலால், வலது கையால், முதல் கொத்தைக் கொத்தியிருந்தாள். பழைய பூச்சு ஒரு பெரிய வில்லையாகப் பெயர்ந்து இருவர் காலடியிலும் விழுந்தது. ஆளுக்கொரு பக்கமாக, யார் முதலில் நடுவுக்கு வருவது என்று பார்ப்பவர்கள்போல, சுவரைக் கொத்திக்கொண்டே வந்தார்கள்.